இல்லாத விசாவுக்கு மூன்று மறுப்பு

அத்தியாயம் 5

“என் மேல என்ன குற்றம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

மூன்று கடிதங்கள் மேஜை மேல் வந்து அறைந்தன. டீ டம்ளர் ஒரு குதி குதித்து நின்றது.

அறைந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை, இடுப்பு பெல்ட்டில் செருகிய ஸ்க்ரூ டிரைவர்கள், விரல் இடுக்கில் கிரீஸ். லிஃப்ட் மெக்கானிக். பாதி வேலையில் அப்படியே கிளம்பி வந்திருந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் முத்திரை மேடம். விமான நிலையத்துக் குடியேற்றக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் பாஸ்போர்ட்களில் முத்திரை குத்தியவர். ஒரு நாள் மேலதிகாரியின் முகத்துக்கு நேராக ராஜினாமாவை நீட்டிவிட்டு, துப்பறியும் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. ஓரத்து நாற்காலியில் அவருடைய உதவியாளன் கமா. நாற்பது வயதுவரை அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது என்பதால் அச்சகத்துக்காரர்கள் வைத்த பெயர்.

“உக்காரும்மா,” என்றார் மேடம்.

“உக்காந்தா அழுதுடுவேன். நின்னுக்கிட்டே சொல்றேன்.” மெக்கானிக் மூச்சு வாங்கினாள். “அப்பா ஒரு தீவுல மரவேலை செய்றாரு. போய் ஒன்பது வருஷம் ஆச்சு. என் கல்யாணத்துக்கு வரல. அம்மா செத்தப்போகூட வரல. கேட்டா, ஒப்பந்தம் விடமாட்டேங்குதும்பாரு. ஆறு மாசத்துக்கு முன்னாடி சாரத்துல இருந்து விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. ஏதோ தர்ம ஆஸ்பத்திரியில கிடக்கிறாரு, இன்னும் எழுந்து நிக்கல. நான் போய்ப் பாக்கணும்னு மூணு தடவை விசா கேட்டேன். மூணு தடவையும் முடியாதுன்னுட்டாங்க. நான் என்ன கொலையா பண்ணேன்?”

“எந்தத் தீவு?”

மெக்கானிக் சொன்னாள்.

கடிதத்தை எடுக்கப் போன மேடத்தின் கை அப்படியே நின்றது. “திரும்பச் சொல்லு.”

திரும்பச் சொன்னாள்.

“உன் பாஸ்போர்ட்?”

“இந்தியாதான் மேடம். நீல அட்டை.”

“விசாவுக்கு நேர்ல போனியா? கைரேகை எடுத்தாங்களா? பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்களா?”

“எதுவும் இல்ல. அண்ணன்தான் எல்லாம் பாத்தான். பாஸ்போர்ட் என் பீரோவுலதான் இருக்கு.”

மேடம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். “விசா விதி மாசத்துக்கு மாசம் மாறும். ஞாபகத்தை நம்பி எதையும் சொல்லக் கூடாது.” தீவின் குடியேற்றத் துறைப் பக்கத்தைத் திறந்தார். இரண்டு நிமிடம் கழித்துச் சத்தமாகப் படித்தார்.

“இந்தியக் குடிமக்கள். சுற்றிப் பாக்கவோ உறவினரைப் பாக்கவோ வந்தா விசா தேவையில்லை. அறுபது நாள்வரை தங்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லணும். திரும்பி வர டிக்கெட் வேணும், தங்குற முகவரி வேணும். வேலை செய்ய அனுமதி இல்லை. அவ்வளவுதான்.”

மெக்கானிக் மேஜை மேல் கிடந்த கடிதங்களைப் பார்த்தாள்.

“அப்ப இந்த லெட்டர் எல்லாம்?” என்றாள் மெக்கானிக்.

“இல்லாத விசாவை உனக்குத் தர மாட்டேன்னு மூணு தடவை எழுதியிருக்காங்க.”

“இல்லாத கதவைத் தட்டியிருக்கீங்க, உள்ளே இருந்து ஒருத்தன் மூணு தடவையும் ‘ஆள் இல்ல’ன்னு குரல் கொடுத்திருக்கான்,” என்றான் கமா. யாரும் சிரிக்கவில்லை. அவனும் வாயை மூடிக்கொண்டான்.

மெக்கானிக் இப்போதுதான் உட்கார்ந்தாள். “கரன்ட் எந்த ஒயர்ல நிக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன் மேடம். இதை எப்படி நான் நம்பினேன்?”

“நீ மட்டுமா?” மேடத்தின் குரல் உயர்ந்தது. “விசா கிடைச்சிடுச்சுன்னு லெட்டர் வந்தா பத்துப் பேர்கிட்ட காட்டி உண்மையான்னு கேப்போம். மறுத்துட்டாங்கன்னு வந்தா ஒருத்தரும் கேக்க மாட்டோம். வரிசையில நிக்க வச்சு, பேங்க் புத்தகத்தைப் புரட்டி, ஏன் போற, எதுக்குப் போற, திரும்பி வருவியான்னு கேட்டுக் கேட்டு நம்மளை அப்படிப் பழக்கி வச்சிருக்காங்க. இதை எழுதின படுபாவிக்கு அந்தப் பழக்கம் தெரிஞ்சிருக்கு. லெட்டரை முழுசாப் படிச்சியா?”

“முதல் வரியோட கிழிக்கத்தான் தோணிச்சு.”

“இப்ப கடைசிவரை படி.”

மெக்கானிக் படித்தாள். கையெழுத்தைத் தாண்டி, காகிதத்தின் அடியில் எறும்பு சைஸில் அச்சிட்டிருந்த தீவுத் தூதரகத்தின் முகவரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள். பழைய தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வியாபார வளாகம், எட்டாவது மாடி.

“மேடம், அந்தக் கட்டடத்துல ஆறு மாடிதான்.”

“நிச்சயமா?”

“அந்த லிஃப்ட்டை நாலு வருஷமா நான்தான் பாக்கிறேன். பட்டனே ஆறுதான் இருக்கு.”

“அப்ப தூதர் ஆறாவது மாடிவரைக்கும் லிஃப்ட்ல வந்து மீதி ரெண்டு மாடிக்குப் பறப்பாரு போல,” என்றபடி கமா எழுந்தான். “வாங்க, அவரு இறங்குறதுக்குள்ள பிடிப்போம்.”

வளாகத்தின் வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஆறு மாடி, இருபத்துநாலு பெட்டி. ‘எட்டாவது மாடி’ என்று கையால் எழுதிய சீட்டு ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. கமா அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினான். அடியில் அச்சிட்ட எழுத்து தெரிந்தது. மூன்றாவது மாடி, டிராவல்ஸ்.

லிஃப்டில் ஏறும்போது கமா தயங்கினான். “இது பத்திரம்தானே?”

“நான் பாக்கிற லிஃப்ட்.”

“நீங்க பாக்கிறது சரி, இப்ப இருக்கிற கோபத்துல பாக்காம இருந்தீங்கன்னா இன்னும் சரி.”

மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி, விமான பொம்மைகள், சுவர் முழுக்கக் கடல் படம். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், ‘விசா வேண்டாம்! பெட்டியைக் கட்டுங்கள், கிளம்புங்கள்!’ படத்தில் இருந்தது அதே தீவு.

மெக்கானிக் உள்ளே பாயப் போனாள். மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கதவோரமாக நிறுத்தினார். கமா மட்டும் உள்ளே போனான்.

கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். வெள்ளைச் சட்டை, சந்தன வாசனை, உரிமையான சிரிப்பு. வட்டாரத்தில் அவரை விசா சித்தப்பா என்பார்கள். அவரே அப்படித்தான் அட்டை அடித்திருந்தார்.

“தச்சு வேலை தெரியும், அங்க ஏதாவது கிடைக்குமான்னு...” என்று கமா இழுத்தான்.

“தாராளமா! விசாவே வேண்டாம் தம்பி. இறங்கினதும் நம்ம ஆள் வந்து கூட்டிட்டுப் போவான். கவுண்டர்ல கேட்டா ஒரே ஒரு வரி சொல்லணும். ‘கடல் பாக்கப் போறேன்.’ அதுக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது.”

கதவோரத்தில் மேடம் அசையாமல் நின்றார். அந்த வரியை அவர் எத்தனை முறை கேட்டிருப்பார்? சிமென்ட் அரித்த விரல்களும் உளி பட்ட தழும்புகளுமாக அவர் கவுண்டருக்கு வந்தவர்கள், மனப்பாடம் செய்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அதையே சொன்னார்கள். கடல் பாக்கப் போறேன். டிக்கெட் சரியாக இருந்தது, முகவரி சரியாக இருந்தது. அவர் முத்திரை குத்தினார். கடல் பார்க்கப் போகிறவன் பையில் மரம் இழைக்கிற இழைப்புளி ஏன் என்று ஒருமுறை கேட்டார். வரிசை நீளுகிறது என்று மேலதிகாரி கத்தினார்.

மேடம் கதவைத் தள்ளிய வேகத்தில் விமான பொம்மை ஒன்று கீழே விழுந்தது.

“சுற்றிப் பாக்க வந்தவன் சுத்தியலைத் தொட்ட நிமிஷமே குற்றவாளி. அது உனக்குத் தெரியும். போறவனுக்குத் தெரியுமா?”

சித்தப்பாவின் சிரிப்பு குறையவில்லை. “யாரும்மா நீங்க?”

மெக்கானிக் மூன்று கடிதங்களையும் மேஜையில் பரப்பினாள். அவர் குனிந்து பார்த்தார். ஒரு கணம் கண் இமை துடித்தது. பிறகு நிதானமாக நாற்காலியில் சாய்ந்தார்.

“ஓ, நீதானா? நான் எழுதினதுதான். மறுக்கல. ஆனா நானா எழுதல. கேட்டாங்க, உபகாரமா எழுதிக் கொடுத்தேன். போய் உன் அண்ணனைக் கேளும்மா. வீட்டு விஷயத்துக்கு எதுக்கு வெளியாள்?”

மெக்கானிக்கின் கை பெல்ட்டுக்குப் போனது. கமா குறுக்கே வந்து நின்றான். “வேண்டாங்க, அது நல்ல லிஃப்ட்டைத் தொடுற ஸ்க்ரூ டிரைவர்.”

அண்ணன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். பின்னறையில் அவன் ஒரு லென்ஸை அரவை எந்திரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்தான், அவள் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தான். லென்ஸ் வழுக்கி எந்திரத்துக்குள் விழுந்து உடைந்தது.

“சொல்லு,” என்றாள் அவள். “நான் அப்பாவைப் பாத்தா உனக்கு என்ன குறைஞ்சு போகும்? சொல்லுடா!”

இதுவரை அண்ணனை அவள் ‘டா’ போட்டதில்லை. அவன் எந்திரத்தை நிறுத்தினான். வாசலில் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், நிலைமை புரிந்து, கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

“அப்பாதான் சொன்னாரு.”

“பொய்!”

“அம்மா மேல சத்தியமா அப்பாதான் சொன்னாரு. அவருக்கு அங்க ஒப்பந்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்த சித்தப்பாதான் அறுபது நாள் சுற்றுலான்னு சொல்லி அனுப்பி வச்சாரு. அறுபது நாள் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒன்பது வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு வேலை. பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சு. போலீஸ் தேடுது. நீ போய் இறங்கினா, யாரைப் பாக்க வந்தேன்னு எழுதணும். எழுதினா அவரைப் பிடிப்பாங்க, உன்னையும் பிடிச்சு வைப்பாங்க. பொண்ணை வர விடாதேடான்னு அழுதாரு. சித்தப்பாகிட்ட கேட்டா, மறுப்பு லெட்டர் தயார் பண்ணித் தர்றேன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?”

மெக்கானிக் சுவரில் சாய்ந்தாள். அவள் கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று. அண்ணனைத் திட்ட முடியவில்லை. அப்பாவைத் திட்டலாமென்றால் அவர் கடலுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

“போலீஸ் தேடுதுன்னு யார் சொன்னது?” என்று மேடம் கேட்டார்.

“நோட்டீஸே வந்திருக்கு மேடம். அப்பா அங்க போய் ரெண்டாவது வருஷம். அப்பா அப்பவே தூதரகத்துக்குப் போய், என்னை ஏமாத்தி அனுப்பிட்டாங்கன்னு சொல்லிட்டு ஊருக்கு வந்துடறேன்னு கிளம்பினாரு. அங்க இருக்கிற சித்தப்பா ஆள்கிட்டயும் அதைச் சொன்னாரு. அதுக்குள்ள நோட்டீஸ் வந்துடுச்சு. பத்து வருஷம் ஜெயில், பாக்க வர்ற குடும்பத்துக்கும் ஜெயில்னு. படம் எடுத்து அனுப்பினாரு.” போனில் தேடி எடுத்து நீட்டினான்.

மேடம் பார்த்தார். முத்திரை, சிங்கம் மாதிரி ஏதோ சின்னம், ஆங்கிலத்தில் இரண்டு பத்தி. கமா தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

“மேடம், அந்த மூணு லெட்டரையும் வாங்கிக் கொடுங்க.”

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அச்சகத்தில் செய்தது போலவே விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினான்.

“கமாவைப் பாருங்க.”

“உன்னை எதுக்குய்யா பாக்கணும்?”

“என்னை இல்ல மேடம், காகிதத்துல இருக்கிற கமா. வார்த்தையை ஒட்டித்தான் கமா வரணும், இடைவெளி அதுக்கு அப்புறம். இங்க பாருங்க, வார்த்தை, இடைவெளி, அப்புறம் கமா. நோட்டீஸ்ல ஒன்பது இடம், ஒன்பதும் அப்படித்தான். மறுப்பு லெட்டர் மூணுலயும் அப்படித்தான். இருபது வருஷம் பிழை திருத்தியிருக்கேன், இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ற ஆள் ஒருத்தன்தான் இருக்க முடியும்.”

அண்ணன் போனையும் கடிதங்களையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்படின்னா... அந்த நோட்டீஸும்...”

மேடம் அதற்குள் போனை எடுத்திருந்தார். தீவில் இருக்கும் இந்தியத் தூதரகம். நாலு தடவை இணைப்பு மாற்றி, ஐந்தாவதில் ஒரு அதிகாரி கிடைத்தார். மேடம் ஸ்பீக்கரைப் போட்டார். தீவின் போலீஸ் இப்படி நோட்டீஸ் அனுப்புவதே கிடையாது என்றார் அதிகாரி. தவணை தாண்டித் தங்கியவர்கள் மாதாமாதம் ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அபராதம் உண்டு, இல்லாதவர்களுக்குத் தள்ளுபடி கேட்கலாம். சில வருடம் மறுபடி அங்கே நுழைய முடியாது. பாஸ்போர்ட் காலாவதி என்றால் ஊர் திரும்ப மட்டும் ஓர் அவசரச் சான்றிதழ் கொடுப்போம். பார்க்க வருகிற மகளை யாரும் பிடிக்க மாட்டார்கள். “எத்தனை வருஷமா இருக்கார்னு சொன்னீங்க?” என்று கடைசியாகக் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு, “அடப்பாவமே,” என்றார்.

அப்பா அன்றைக்குத் தூதரகத்தில் வாயைத் திறந்திருந்தால் சித்தப்பாவின் கடை அன்றே மூடியிருக்கும். அதற்காக ஒரு மனிதனை ஏழு வருடம் ஒரு காகிதத்துக்குள் பூட்டி வைத்திருந்தார்.

மெக்கானிக் அப்பாவுக்கு வீடியோ போட்டாள். தலையணையில் நரைத்த தாடி. அண்ணன் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். அப்பா நடுவே எதுவும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“அப்போ, நான் எப்பவோ வந்திருக்கலாமா?”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“வந்திருக்கலாம்ப்பா,” என்றாள் மகள். “அம்மா இருக்கும்போதே வந்திருக்கலாம்.”

போனில் அந்தப் பக்கம் நரைத்த தாடி மட்டும் அசைந்தது.

மூன்றரை மணிக்கு விசா சித்தப்பா ஒரு அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தார். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் மெக்கானிக் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டன் பலகை கழற்றி மடியில் இருந்தது.

“லிஃப்ட் ரிப்பேர்,” என்றாள். “படி அந்தப் பக்கம்.”

“நகரும்மா, அவசரம்.”

“ஒன்பது வருஷம் எங்களை நிக்க வச்ச. மூணு மாடி இறங்க மாட்டியா?”

அவர் படிக்குத் திரும்பினார். முதல் திருப்பத்திலேயே இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு மேலே வந்துகொண்டிருந்தார். பின்னால் மேடம், அவருக்குப் பின்னால் மூச்சிரைக்கக் கமா. பெட்டி சித்தப்பாவின் கையிலிருந்து நழுவிப் படிகளில் உருண்டு வாயைப் பிளந்தது. பாஸ்போர்ட் நகல்கள், நாற்பதுக்கு மேல். அதே சிங்கச் சின்னத்தோடு அச்சடித்த நோட்டீஸ்கள் ஒரு கட்டு. பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

மேடம் ஒரு படியில் உட்கார்ந்து நகல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சிலவற்றின் ஓரத்தில் இருந்த புறப்பாட்டு முத்திரை அவர் கவுண்டருடையது. கமா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் தானும் குனிந்து பொறுக்கினான்.

“இன்ஸ்பெக்டர்,” என்றார் மேடம் நிமிராமல். “இதுல இருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே போன் பண்ணுவேன். நகல் எடுத்துக்க அனுமதி வேணும். இல்லன்னு சொன்னாலும் எடுப்பேன்.”

மூன்றாம் நாள் மத்தியானம், இருபத்தேழாவது வீட்டுக்கு எண் சுழற்றப் போகும்போது மேடத்தின் போன் அடித்தது. மெக்கானிக்கின் நம்பர். கமா ஸ்பீக்கரைப் போட்டான்.

யாரும் ஹலோ சொல்லவில்லை. அவள் சட்டைப் பைக்குள் கை பட்டு அழைப்பு போயிருக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரி வார்டின் இரைச்சல் கேட்டது; தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கும் மேலே அவள் குரல்.

“...ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நான் விசாரிச்சிருக்க மாட்டேனா? ஒப்பந்தமாம் ஒப்பந்தம்! அம்மா கடைசிவரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே கிடந்தா, தெரியுமா உனக்கு? கல்யாணத்துல உன் நாற்காலியில யாரையும் உக்கார விடல நான். இப்ப தாடி வேற! யாரைக் கேட்டு வளர்த்த?”

ஒரு தமிழ் நர்ஸ் அதட்டினாள். மற்ற நோயாளிகள் தூங்க வேண்டாமா, சத்தம் போடாதீங்க.

பிறகு, இரும்புக் கட்டில் கிறீச்சிடும் ஒலி. யாரோ கஷ்டப்பட்டு எழுந்து உட்காருகிறார்கள். ஆண் குரல், கரகரப்பாக, ஆனால் சந்தோஷமாக.

“விடுங்க சிஸ்டர், திட்டட்டும். ஒன்பது வருஷமா போன்ல எல்லாரும் ‘சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லா இருக்கா’ன்னே கேட்டாங்க. நம்ம வீட்டுல இருக்கிற மாதிரி இன்னைக்குத்தான் இருக்கு. ம், சொல்லும்மா. தாடியில நிறுத்தின.”

கமா வாயைத் திறந்தான்.

“கட் பண்ணுய்யா,” என்றார் முத்திரை மேடம். “அது அவங்க வீட்டுச் சண்டை.”